ஐந்தரை மணி நேரப் பிழை

லேப்டாப்பின் சார்ஜரைத் தேடி மினி அப்பாவின் கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். முன்னறையில் குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அடுத்த பாட்டு எது என்பதில் ஒத்துப்போகாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் அறுந்த செருப்பு, காலியான தைலக் குப்பி, ஆறு வருடத்துக்கு முந்திய காலண்டர் எல்லாம் இருந்தன. சார்ஜர் இல்லை. மணி பத்து ஆகப்போகிறது. மூன்று மணிக்கு அடக்க ஆராதனை.

"அக்கா, நீ இங்கயா கெடக்க?" தம்பி ஜிஜின் வாசலில் நின்றான். "எலியா மாமா கேக்காவ. ஜீவிய சரித்திரம் ரெடியான்னு."

"ரெடியாவும்னு செல்லு."

"எங்கேருந்து ரெடியாவும்? எல்லாம் போச்சுன்னு நான் அன்னைக்கே பறஞ்சேன்."

மினி இன்னும் உள்ளே கையை நீட்டினாள்.

அவர்கள் சபையில் ஜீவிய சரித்திரம் வாசிக்காமல் யாரையும் மண்ணுக்குள் விடுவதில்லை. இறந்தவர் எப்போது பிறந்தார், யாரிடம் ஞானஸ்நானம் பெற்றார், யாரைக் கட்டினார், என்ன வேலை பார்த்தார், எப்படிப் போனார் என்று ஒரே பக்கத்தில் எழுதி, பிரசங்கத்துக்கு முன்னால் வாசித்துவிட வேண்டும். கொல்லயில் சபையில் இருபத்தாறு வருடமாக அதை எழுதிக்கொடுத்தவர் நேசையன் சாறு, மினியின் அப்பா. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர்; அந்தப் பக்கத்தில் சாரைச் சாறு என்பார்கள். பொய் எழுதமாட்டார் என்று பெயர். ஆனால் உண்மையைச் சொல்வதற்கு அவரிடம் ஒரு தனி வழி இருந்தது. குடித்தே செத்தவனை 'நண்பர்கள் நிறைந்தவர்' என்பார். ஒரு முழ வேலிக்காக முப்பது வருடம் நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு நடந்தவரை 'நியாயத்துக்காக நின்றவர்' என்பார். வாசிக்கும்போது சபை முழுக்கக் குனிந்து சிரிப்பை அடக்கும். செத்தவரின் வீட்டார் மட்டும் பெருமையாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் மினியின் கையைப் பிடித்தார். "எனக்குள்ளத நான் எழுதி வச்சிருக்கேன். லேப்டாப்பில உண்டு. நீதான் வாசிக்கணும். ஒரு எழுத்து மாத்தப்படாது."

"செரி அப்பா" என்றாள். லேப்டாப்பில் இப்போது ஒன்றுமே இல்லை என்பதை அவர் மறந்துவிட்டிருந்தார். அதை அவள் ஞாபகப்படுத்தவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது அது. பாறசாலையில் சபைக்கு அச்சடித்துக்கொடுக்கும் கடைக்காரர், சாறு தட்டச்சு செய்யும் பழைய எழுத்துரு இனிமேல் எங்கள் மெஷினில் வராது, புதிய எழுத்துருவுக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடம் லேப்டாப்பில் எழுதியதையெல்லாம் மாற்ற வேண்டும். யாரிடமும் கேட்காமல் அவரே இணையத்தில் தேடி, இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஏதோ ஒன்றை இறக்கி, அது கேட்ட இடத்திலெல்லாம் யெஸ், யெஸ் என்று அழுத்தியிருக்கிறார். காலையில் பார்த்தால் எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் வால்போல ஒட்டியிருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. திறக்க வேண்டுமென்றால் பணம் கட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் சிவப்பாக வந்து நின்றது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மினியிடம் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"படிச்ச ஆளுதானா நீங்க? முன்னயும் பின்னயும் பாக்காம எல்லாத்துக்கும் யெஸ் அடிக்கியதா? பிள்ளைகளுக்கு உள்ள புத்தியும் இல்லாமப் போச்சே!"

மினி கத்தியதும் அவர் லேப்டாப்பை மேசையில் வைத்தார். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. பத்தாம் நாள் நெஞ்சுவலி வந்தது. இதயம் பல வருடமாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. தன் வாய்தான் அவரைக் கொண்டுபோனது என்று உள்ளுக்குள் முடிவே செய்துவிட்டாள். நேற்றுக் காலை அவர் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த ஒரு பக்கத்தை எப்படியாவது எடுத்து, அவர் கேட்டபடி வாசித்துவிட்டால், பேசிய பேச்சில் பாதியையாவது திரும்ப வாங்கிக்கொண்டதாக ஆகும் என்று தோன்றியது. அதற்காகத்தான் துக்க வீட்டில் மூத்த மகள் கட்டிலுக்கடியில் கிடந்தாள்.

சார்ஜர் கடைசியில் வேதப்புத்தகத்துக்குப் பின்னால் கிடைத்தது. பாட்டரி செத்து ஐந்து வருடமான லேப்டாப்; வயரை எடுத்தால் அணைந்துவிடும். அப்பாவின் மேசையில் வைத்துச் செருகினாள்.

"விண்டோஸ் பக்கம் நான் தொடல்ல" என்றாள் ஜிஜினிடம். "மற்றப் பக்கம் ஒண்ணு உண்டு, நினைவிருக்கா?"

ஜிஜின் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனே நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "லினக்ஸா? அத ஆரு தொறந்தா இப்பம்? எட்டொம்பது வருசம் இருக்கும்."

"வைரஸ் அங்கயும் ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்காது. ஒரே வீட்டில ரெண்டு குடும்பம் மாதிரியாக்கும் அது. எடச்சுவத்தில வாசல் இல்ல. இந்தப் பக்கத்துக்காரனுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஆனா அங்க என்னத்த இருக்கப்போவுது?"

பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. பத்து விநாடி. அதற்குள் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தாவிட்டால் விண்டோஸ் தானாகத் திறந்துகொள்ளும். இத்தனை வருடமும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பத்து விநாடி காத்திருந்து, விண்டோஸுக்கே போய்க்கொண்டிருந்தார். மினி ஏழாவது விநாடியில் அழுத்தினாள்.

இந்த இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொடுத்தவன் அஜின். பெருங்கடவிளைக்காரன், அப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். இங்கே திருவனந்தபுரம் ஜில்லாவில் அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமெல்லாம் லினக்ஸில்தான். இரண்டாயிரத்துப் பதினான்கில் நெய்யாற்றின்கரையில் ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். மினி புது லேப்டாப் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். பயிற்சி கொடுக்க வந்த அஜின் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் விட்டுவிட்டு அவளுடைய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். மற்ற டீச்சர்மார்கள் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள்.

கடவுச்சொல்லைக் கை தானாக அடித்தது. திரை திறந்தது. மேலே நேரம் மாலை மூன்று முப்பத்தெட்டு என்று காட்டியது. அந்தக் கணக்குப்படி அப்பாவின் அடக்க ஆராதனை தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

"டைம் தப்பு" என்றான் ஜிஜின்.

"ஐந்தரை மணிக்கூறு கூட்டிக் காட்டும். இது எப்பளும் அப்படித்தான்."

அதையும் அஜின்தான் சொல்லிக்கொடுத்தான். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே லண்டன் நேரம் என்று நினைத்து ஐந்தரை மணி நேரம் சேர்த்துக் காட்டும். மாத்தித் தரட்டா டீச்சரே, ஒரு நிமிசம் போதும் என்றான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மினி. அதைச் சாக்காக வைத்து இன்னொரு தடவை அவனைக் கூப்பிடலாம் என்றிருந்தாள். அது நடக்கவில்லை, கடிகாரமும் அப்படியே கிடந்துவிட்டது.

'சாறு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. லேப்டாப் வாங்கிய முதல் இரண்டு வருடம் அப்பா இந்தப் பக்கத்தில்தான் எழுதினார். ஜிஜின் விண்டோஸ் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மாறினார். மாறும்போது பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இங்கிருந்ததை அழிக்கவில்லை.

உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றின் பெயர் 'போனவர்கள்'. மற்றது 'இருப்பவர்கள்'.

ஜிஜின் வாய்விட்டுச் சிரித்து, முன்னறையை நினைத்துச் சட்டென்று வாயைப் பொத்தினான். "இருக்கிய ஆளுவளுக்கும் எழுதி வச்சிருக்காரா?"

சபையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் போய், சாறு தூக்கமில்லாமல் எழுத வேண்டிவந்தது. அதிலிருந்து எழுபது தாண்டியவர்களின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டுப் புத்தகத்தோடு போய் விவரம் கேட்டு முன்னாலேயே எழுதி வைத்துவிடுவார். இறந்த தேதிக்கும் வயதுக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். முதலில் பயந்தவர்கள்கூடப் பிறகு அவர்களாகவே வந்து, இதைச் சேர்க்கலாமா சாறே, அதை எடுத்துவிடலாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். எலியா மாமா தன்னுடையதை மூன்று தடவை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்.

இருப்பவர்களில் நாற்பத்து மூன்று பெயர். 'நேசையன்' இருந்தது. திறந்தாள், திறந்தது. கொல்லயில் சபையில் எளிய குடும்பத்தில் பிறந்து, என்று அப்பாவின் நடையில் ஒரு பக்கம். அவ்வளவுதான், மினி உடைந்துபோனாள். மேசையில் தலையை வைத்து அழுதாள். ஜிஜின் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நாற்காலி கொண்டுவந்த வண்டிக்காரர் வெளியே கூப்பிட்டதும் போனான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி பட்டியலைப் பார்த்தாள். எழுபது, எழுபத்தைந்து, எண்பது வயதுப் பெயர்கள். பாதிப்பேர் இப்போது உண்மையாகவே போய்விட்டார்கள். 'சத்தியபாய்', அம்மா. அதற்குச் சில வரி கீழே 'மினி' என்று இருந்தது.

வேறு மினி என்றுதான் முதலில் நினைத்தாள். சபையில் இன்னும் இரண்டு மினி உண்டு. திறந்தாள்.

'சகோதரி மினி, நேசையன் – சத்தியபாய் தம்பதியரின் மூத்த மகள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்து ____ இல் ஓய்வுபெற்றார். ஓய்வுநாள் பாடசாலையில் ____ வருடம் ஊழியம் செய்தார். இல்லற வாழ்வை நாடாமல், முதிர்ந்த பெற்றோரை அவர்களுடைய இறுதிநாள் வரையில் பேணுவதையே தம் பாக்கியமாகத் தெரிந்துகொண்டார். ____ அன்று, ____ ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தம்பியும் தம்பியின் பிள்ளைகளும் அவரை இழந்து வாடுகிறார்கள்.'

அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட இல்லை.

மற்றவர்களுக்கு எழுதியதில் அப்பா எதை எதற்குள் மறைப்பார் என்று அவளுக்கு அத்துப்படி. இதில் அப்படித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் மறைந்திருக்கவில்லை.

மவுஸை வலது பக்கம் அழுத்தி, எழுதிய தேதியைப் பார்த்தாள். 2014 செப்டம்பர் 21, ஞாயிறு, இரவு 9.12.

அப்போது அவளுக்கு முப்பது வயது. தம்பி பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறார். ஜிஜினுக்கு அன்று இருபத்திரண்டு. கடைசி வருடத்தில் இரண்டு பாடம் பாக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வராமல் ஒளிந்து திரிந்துகொண்டிருந்தான். அவன் பாஸாவான், கல்யாணம் செய்வான், பிள்ளைகள் பிறக்கும், அத்தை சாகும்போது அவர்கள் நின்று அழுவார்கள் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஜிஜினின் பெயரில் கோப்பு இல்லை. முதிர்ந்த பெற்றோர் என்கிறார். அறுபது வயதில் அவர் சைக்கிளில் பனச்சமூடு சந்தைக்குப் போய் வாழைக்குலை கட்டிக்கொண்டு வருவார்.

தேதி தப்பாக இருக்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். இந்தப் பக்கத்துக் கடிகாரம்தான் தப்பாயிற்றே. ஆனால் அது ஐந்தரை மணி நேரம் தப்பும். பதினொரு வருடம் தப்பாது.

ஒன்பது பன்னிரண்டில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தாள். மாலை மூன்று நாற்பத்திரண்டு.

அந்த மூன்று நாற்பத்திரண்டு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓண விடுமுறைக்கு அஜின் வீட்டார் எலியா மாமாவை முன்னிறுத்திப் பெண் கேட்டு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த ஞாயிறு சபைக் கோவிலிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அவியளுக்கு வேற எடம் ஒத்து வந்திருக்காம் மக்களே. நமக்குள்ளது இல்ல, விட்டுரு" என்றார். மினி சாப்பிடாமல் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மத்தியானம் முழுக்க முன்னறையில் அப்பா ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வீங்கிய கண்ணோடு எழுந்து கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஆரு செத்தது அப்பா?"

"ஆரும் சாவல்ல. ஒரு ஆளுக்குள்ளத முன்கூட்டி எழுதி வச்சேன்." லேப்டாப்பை மூடிவிட்டுச் சாயாவை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். கொஞ்சம் சர்க்கரை கூடிப்போச்சு என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாலைந்து இடமும் இப்படித்தான் 'அமையாமல்' போயின. ஒவ்வொரு தடவையும் அப்பா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். மினிதான் அவரைத் தேற்றுவாள். விடுங்கப்பா, எனக்குள்ளத கர்த்தர் எங்கயாவது வச்சிருப்பாரு என்பாள். கர்த்தர் எங்கே வைத்திருந்தாரோ, அப்பா இங்கே வைத்திருந்தார். இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. அந்த மனுஷரைத் தேற்றிய தன் நாக்கின்மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது.

"கெடச்சுதா பிள்ளே?" எலியா மாமா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எண்பது வயது. சபையின் பதிவேடு அவர் கையில்தான். வாசித்து முடித்த ஜீவிய சரித்திரத்தை வாங்கி அதில் ஒட்டுவது அவர் வேலை.

"கெடச்சு மாமா."

"தோத்திரம்." கட்டிலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்குள்ளதும் கெடக்கா? கடைசியா ரெண்டு காரியம் சேக்கச் செல்லியிருந்தேன்."

"மாமா, பெருங்கடவிளையிலேருந்து அஜினுக்க வீட்டுக்காரங்கள நீங்க கூட்டிட்டு வந்தியளே. அது எப்பிடி மொடங்கிச்சு?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்ன பிள்ளே இப்பிடிக் கேக்குத? நீ வேண்டாம்னு செல்லித்தான?"

"நானா?"

"ஆராதன முடிஞ்சு சாறு என்னைய மாமரத்து மூட்டுக்கு விளிச்சிட்டுப் போய்ச் செல்லிச்சு. 'எலியா, அவளுக்குக் கல்யாணத்தில மனசு இல்ல, நிர்பந்திக்கப்படாது'ன்னு. நான் அன்னைக்கே போய் அவியகிட்டப் பறஞ்சேன். அந்தப் பையன் வாசல் வரைக்கும் பொறத்தால வந்து, டீச்சரே பறஞ்சதான்னு ரெண்டு தடவ கேட்டான். ஆமான்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாமா?"

"சாறு செல்லும்போ நான் பின்ன ஆருகிட்டக் கேக்க? சாறு பொய் செல்லுமா பிள்ளே?" சொல்லி முடித்த பிறகு அவர் முகம் மாறியது. எழுந்து போகும்போது தன் கோப்பைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

மினி முன்னறைக்குப் போனாள். அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மினி அவள் பக்கத்தில் குந்தி, காதோடு கேட்டாள். "அம்மா, அஜினுக்க காரியம் ஒனக்குத் தெரியுமா?"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். "இப்பம் எதுக்கு மக்கா அதொக்க?"

"தெரியுமா, தெரியாதா?"

"ஆளுவ இருக்காவ."

கண்ணாடி துடைத்த இடத்தில் அப்பாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. மூக்கில் பஞ்சு. மினி எழுந்துவிட்டாள். அப்போ ரெண்டு பேருமாகத்தான். பதினொரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார்கள், ஒரே குடும்ப ஜெபத்தில் அவளுக்கு நல்ல வரன் கேட்டு முழங்காலில் நின்றிருக்கிறார்கள். கண்ணை மூடி ஜெபித்தது அவள் ஒருத்திதான் போல.

வீட்டில் பிரிண்டர் கிடையாது. பாறசாலைக்குப் போய்வர நேரம் இருந்தது, மினி போகவில்லை. அப்பாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவருடைய பேனாவாலேயே, திரையைப் பார்த்துக் கையால் எழுத ஆரம்பித்தாள். பிறப்பு, ஞானஸ்நானம், வேலை, கல்யாணம். நடுவில் ஜிஜின் எட்டிப் பார்த்தான்.

"எனக்க பிள்ளையளுக்க பேரச் சேத்துரு அக்கா. அப்பா இத எழுதும்போ அதுவ ரெண்டும் பொறக்கல்லியே."

"ஒரு எழுத்து மாத்தப்படாதுன்னாக்கும் அப்பா செல்லியிருக்கு."

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். கீழிருந்து நாலாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

'இவருடைய மகள் மினி, இல்லற வாழ்வில் விருப்பமின்றி, பெற்றோருக்கு ஊழியம் செய்வதையே தன் விருப்பமாகத் தெரிந்துகொண்டார்.'

நீதான் வாசிக்கணும் என்று அவர் ஏன் கையைப் பிடித்தார் என்பது இப்போது விளங்கியது. சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, அவள் வாயாலேயே அதைச் சொல்லவைத்துவிட்டால் காரியம் முடிந்தது. பிறகு யாரும் எதுவும் கேட்க முடியாது. அன்பு என்று இதைச் சொல்வார்கள். மகளை விட்டுப் பிரிய மனசில்லாத தகப்பன் என்று எலியா மாமாகூட நாளைக்குச் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவரை அடிக்கலாம்போல இருந்தது அவளுக்கு. அந்த வரியை விட்டுவிட்டு மேலே எழுதலாமா என்று யோசித்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவர் ஏமாற்றினார் என்பதற்காகத் தானும் ஏமாற்றுவதா? வெகுநேரம் கழித்து அந்த வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினாள்.

மூன்று மணிக்குக் கோவிலில் நிற்க இடமில்லை. அப்பா எழுதி வைத்தவர்களில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் முன்வரிசைகளில் இருந்தார்கள். போதகர் தலையசைத்ததும் மினி எழுந்து போய் மைக்கின் முன்னால் நின்றாள். பெட்டி அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. பின்னால் வாசலை ஒட்டி அஜின் நின்றிருந்தான். முன்தலை நரைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டராகிவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

குரல் நடுங்காமல் வாசித்தாள். ஓய்வுநாள் பாடசாலையில் இருபது வருடம் வேதவசனம் வாசித்த குரல். அப்பா தன்னைப் பற்றி 'கண்டிப்பானவர்' என்று எழுதியிருந்த இடத்தில், அவரிடம் அடி வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் குனிந்து சிரித்தார்கள். கீழிருந்து நாலாவது வரி வந்தது.

"இவருடைய மகள் மினி, இல்லற வாழ்வில் விருப்பமின்றி, பெற்றோருக்கு ஊழியம் செய்வதையே தன் விருப்பமாகத் தெரிந்துகொண்டார்" என்று வாசித்தாள். நிறுத்தினாள். தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்று அப்பா எழுதியிருக்கிறார்."

மைக்கில் அது தெளிவாகக் கேட்டது. ஒரு எழுத்தையும் அவள் மாற்றவில்லை. முன்வரிசையில் எலியா மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். யாரோ ஒரு தடவை இருமினார்கள். வாசல் பக்கம் மினி பார்க்கவில்லை. மிச்சம் மூன்று வரியையும் வாசித்துவிட்டு இறங்கினாள். எலியா மாமா பதிவேட்டுக்காகக் கையை நீட்டினார். தாளை அவரிடம் கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் கலைந்தபோது அஜின் பக்கத்தில் வந்தான். அவன் மனைவி சற்றுத் தள்ளி ஸ்கூட்டர் அருகில் நின்றிருந்தாள். அவன் கையிலிருந்த சாவியை இரண்டு தடவை புரட்டினான்.

"பழைய லேப்டாப்பிலேருந்து எடுத்ததுன்னு எலியா மாமன் செல்லிச்சு. இப்பளும் ஓடுதா டீச்சரே?"

"ஒரு பக்கம் ஓடுது" என்றாள் மினி.

அவன் ஸ்கூட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டில் கூட்டம் குறைந்ததும் ஜிஜின் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருந்தால்தான் அவனுக்கு இருக்க முடியும். "விண்டோஸ் பக்கத்த அழிச்சுட்டுப் புதுசா போடுதேன் அக்கா. லினக்ஸில உள்ளத வேற எடத்தில பத்திரமா எடுத்து வச்சுட்டாப் போரும். அப்பாக்க எழுத்தில மிச்சமுள்ளது அதில மட்டும்தான் உண்டு."

"எந்திரி. அதில எனக்க ஒண்ணு கெடக்கு. நான் பாக்கணும்."

அவன் இடம் கொடுத்தான். மினி தன் கோப்பைத் திறந்தாள். 'இல்லற வாழ்வை நாடாமல்' என்பதிலிருந்து கடைசிவரை தேர்ந்தெடுத்து அழித்தாள். பாடசாலை ஊழியத்தோடு எழுத்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கோடு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. என்ன எழுதுவதென்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே நேரம் இரவு பதினொன்றே முக்கால் என்று காட்டியது. வெளியே இன்னும் முழுக்க இருட்டவில்லை.

"மக்கா" என்று அம்மா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். "எனக்க மாத்திரைய எடுத்துத் தா."

ஆறு மணி மாத்திரை. பதினொரு வருடமாக அந்தக் குரல் முடியும் முன்னால் மினி எழுந்திருப்பாள். இப்போதும் கால் தானாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியது. நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஜிஜின் எடுத்துத் தருவான்."

ஜிஜின் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். மேசை டிராயர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது டிராயர். அம்மா ஏதோ சொன்னாள். அவன் அலமாரியைத் திறந்தான். மாத்திரை சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.